அரசரும் ஆரஞ்சுத் தோலும்

தன் தோழி எமிலி து ஷாத்லே உயிரோடு இருந்தவரை வால்டேர் பெர்லினுக்குக் குடிபெயரவில்லை. அழைப்பு என்னவோ வந்துகொண்டேதான் இருந்தது. இளவரசராக இருந்தபோதும் சரி, பிரஷ்யாவின் அரசரான பிறகும் சரி, பிரெடரிக் அவரை விடாமல் கூப்பிட்டார். வால்டேர் போவார், சில வாரங்கள் தங்குவார், திரும்பிவிடுவார். எமிலிக்கு அந்த அரசரைப் பிடிக்காது. அரசருக்கும் எமிலியைப் பிடிக்காது. 1740 செப்டம்பரில் கிளேவ் நகருக்குப் பக்கத்தில் மோய்லாண்ட் மாளிகையில் வால்டேரும் பிரெடரிக்கும் முதன்முதலாகச் சந்தித்தபோதுகூட எமிலிக்கு அழைப்பில்லை. நியூட்டனின் 'பிரின்சிபியா'வை பிரெஞ்சில் கொண்டுவரும் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டு, பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே, 1749 செப்டம்பர் 10 அன்று லூனெவில்லில் எமிலி இறந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். ஓராண்டுகூட ஆகவில்லை. 1750 ஜூலையில் வால்டேர் போட்ஸ்டாமில் இருந்தார்.

ஏன் போனார்? வயது ஐம்பத்தைந்து. சொந்த ஊரில் மரியாதை போதவில்லை. பதினைந்தாம் லூயிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் எழுதிய 'தத்துவக் கடிதங்கள்' 1734இல் பாரிஸ் நீதிமன்றத்தின் ஆணைப்படி எரிக்கப்பட்ட புத்தகம். பாஸ்டில் சிறையை இரண்டு முறை உள்ளேயிருந்து பார்த்திருந்தார். இந்தப் பக்கம் பிரெடரிக் தருவதாகச் சொன்னது: ஆண்டுக்கு இருபதாயிரம் லீவ்ர், அரண்மனையில் அறை, அரசவைப் பிரபுக்கள் அணியும் தங்கச் சாவி, கழுத்தில் தொங்கவிட 'பூர் லெ மெரித்' சிலுவை. வேலை என்ன? அரசர் பிரெஞ்சில் எழுதும் கவிதைகளைத் திருத்தித் தர வேண்டும். மிச்ச நேரத்தில் அவர் தன் புத்தகங்களை எழுதிக்கொள்ளலாம். இதைவிட நல்ல இடம் ஓர் எழுத்தாளருக்கு அன்றைய ஐரோப்பாவில் இருந்திருக்க முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பிரெடரிக்கின் கதையைக் கேட்டிருந்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. அவருடைய தந்தை முதலாம் பிரெடரிக் வில்லியம் 'சிப்பாய் அரசர்' என்று பெயர் வாங்கியவர். நெடிய ஆட்களை எங்கெங்கிருந்தோ பிடித்துவந்து தன் படையில் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. புல்லாங்குழலும் பிரெஞ்சுப் புத்தகமும் கையுமாகத் திரிந்த மகனை அவர் பலர் முன்னிலையில் அடித்தார். பதினெட்டு வயதில், 1730 ஆகஸ்டில், மகன் நாட்டைவிட்டு ஓடப் பார்த்தார். பிடிபட்டார். துணையாக இருந்த இளம் அதிகாரி காட்டேவுக்கு ராணுவ நீதிமன்றம் விதித்தது ஆயுள் சிறை. அரசர் அதைத் தன் கையால் மரண தண்டனையாக மாற்றினார். நவம்பர் 6 அன்று க்யூஸ்ட்ரின் கோட்டையில் நண்பனின் தலை வெட்டப்படுவதை இளவரசர் தன் அறைச் சன்னலிலிருந்து பார்க்க வேண்டும் என்பதும் தந்தையின் ஆணை. மகன் மயங்கி விழுந்தார்.

இப்படி வளர்ந்தவர் 1736 ஆகஸ்டில் வால்டேருக்கு முதல் கடிதம் எழுதினார். வால்டேர் பதில் போட்டார். நான்கு ஆண்டுகள் அந்த மாணவரும் இந்த ஆசானும் ஒருவரையொருவர் புகழ்ந்து எழுதிக்கொண்டதைப் படித்தால் நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மாக்கியவெல்லிக்கு மறுப்பாக இளவரசர் ஒரு நூல் எழுதினார். அரசன் என்பவன் நேர்மையாக இருக்க வேண்டும், பிறர் நாட்டுக்கு ஆசைப்படக் கூடாது என்பது அதன் சாரம். அதைத் திருத்தி, ஹேக் நகரில் அச்சுக்குக் கொடுத்தவர் வால்டேர்.

1740 மே 31 அன்று தந்தை இறந்தார். மூன்றே நாளில், ஜூன் 3 அன்று, புதிய அரசர் குற்றவாளிகளைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கும் வழக்கத்துக்குத் தடை விதித்தார். ராஜத்துரோகம் போன்ற சில குற்றங்களுக்கு மட்டும் அது கொஞ்சகாலம் நீடித்து, 1750களில் அதுவும் போனது. அடுத்து, தந்தை விரட்டிய தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃபைத் திரும்ப அழைத்தார்.

இந்த வோல்ஃப் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. ஹல்லே பல்கலைக்கழகத்தில் 1721இல் வோல்ஃப் ஓர் உரை ஆற்றினார். கன்பூசியஸைப் படித்த சீனர்கள் பைபிள் இல்லாமலேயே ஒழுக்கமாக வாழ்ந்திருக்கிறார்கள், அறிவை மட்டும் துணைகொண்டே மனிதன் நல்லவனாக இருக்க முடியும் என்றார். ஹல்லேயில் பக்தி இயக்கத்தாரின் செல்வாக்கு அதிகம். அவர்கள் கொதித்தார்கள். ஆனால் சிப்பாய் அரசருக்குச் சீனத் தத்துவம் எங்கே புரியப்போகிறது? அவருக்குப் புரிகிற பாஷையில் அரசவையில் யாரோ எடுத்துச் சொன்னார்கள்: எல்லாம் முன்கூட்டியே தீர்மானமானது என்கிறார் இந்தப் பேராசிரியர், அப்படியானால் உங்கள் படையிலிருந்து ஒரு சிப்பாய் ஓடிப்போனால் அதுவும் விதிதானே, அவனை எப்படித் தண்டிப்பீர்கள்? அவ்வளவுதான். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டுப் போகாவிட்டால் தூக்கு என்று 1723இல் ஆணை பிறந்தது. வோல்ஃப் ஓடினார்.

இதே ஹல்லே பக்தி இயக்கத்தில் தயாராகித்தான் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் என்பது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி அவர் அக்கறையோடு விசாரித்து எழுதியனுப்பிய பெருநூலை ஹல்லே அச்சிடவில்லை. அது வெளிவர 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிற மதத்தாரிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்று யார் எழுதினாலும், வோல்ஃபானாலும் சரி, தங்கள் ஆளே ஆனாலும் சரி, ஹல்லேயில் வரவேற்பு ஒன்றுதான்.

வோல்ஃப் 1740 டிசம்பரில் ஹல்லேவுக்கு வெற்றிவீரராகத் திரும்பினார். அதே டிசம்பரில், 16ஆம் தேதி, மாக்கியவெல்லியை மறுத்து எழுதியவர் தன் படையோடு சைலீசியாவுக்குள் நுழைந்தார். ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் அக்டோபரில் இறந்திருந்தார். வாரிசு மரியா தெரேசா, இருபத்துமூன்று வயதுப் பெண். தந்தை விட்டுப்போன எண்பதாயிரம் பேர் கொண்ட படையும் எண்பது லட்சம் தாலர் கஜானாவும் பிரெடரிக் கையில் இருந்தன. இப்படிப்பட்ட சமயம் திரும்ப வருமா? பேர் எடுக்கும் ஆசையும் தன்னை இழுத்தது என்று பிற்பாடு அவரே எழுதிவைத்தார். அந்த நேர்மையை மட்டும் பாராட்டலாம். புத்தகக் கடைகளில் 'மாக்கியவெல்லி மறுப்பு' அப்போதும் விற்றுக்கொண்டிருந்தது.

போருக்கு நடுவிலும் அவர் இன்னொரு வேலையை விடவில்லை. 1700இல் லைப்னிட்ஸ் முன்னின்று தொடங்கிய பெர்லின் அறிவியல் கழகம் தந்தையின் காலத்தில் சிரிப்பாய்ச் சிரித்தது. குண்ட்லிங் என்ற அறிஞரை அதற்குத் தலைவராக்கி, அவரைக் குடிக்கவைத்துக் கேலி செய்வதே அரசவையின் இரவு வேடிக்கை. 1731இல் அவர் இறந்தபோது ஒயின் பீப்பாயில் வைத்துப் புதைத்தார்கள். இந்தக் கழகத்தைத் தூக்கி நிறுத்த பிரெடரிக் இரண்டு பேரைப் பிடித்தார். ஒருவர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து 1741இல் வந்த கணித மேதை லெயோன்ஹார்ட் ஆய்லர். மற்றவர் பிரான்சின் மோபெர்த்துயி.

மோபெர்த்துயி அன்று பெரும் புகழோடு இருந்தவர். பூமி துருவங்களில் தட்டையாக இருக்கும் என்று நியூட்டன் கணக்கில் சொன்னார். இல்லை, எலுமிச்சைபோல நீண்டிருக்கும் என்று பாரிஸ் வானியலாளர் காசினியின் குடும்பம் சாதித்தது. வடக்கே போய் ஒரு பாகை தூரத்தை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். 1736இல் மோபெர்த்துயி, கிளேரோ, சுவீடனின் செல்சியஸ் ஆகியோர் லாப்லாந்துக்குப் போனார்கள். கொசுக்கடியிலும், ஆறு உறைந்துபோகும் குளிரிலும் கிடந்து அளந்து, நியூட்டனே சரி என்று திரும்பினார்கள். மாவீரனைப்போல மென்மயிர்த் தொப்பியணிந்து பூமி உருண்டையை ஒரு கையால் அழுத்துகிற கோலத்தில் மோபெர்த்துயி தன்னைப் படம் வரைவித்துக்கொண்டார். ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு அந்தப் படம் போதும். 1741 ஏப்ரலில் மோல்விட்ஸ் போர்க்களத்துக்கு அரசரோடு போய், ஆஸ்திரியர்களிடம் சிக்கி, வியன்னாவரை கொண்டுபோகப்பட்டவரும் இவர்தான். 1746இல் கழகத்தின் தலைவரானார். யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்பதுவரை அவர் வைத்ததே சட்டம்.

இனி வால்டேருக்கு வருவோம். முதல் சில மாதங்கள் தேனிலவுதான். போட்ஸ்டாமில் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே பிரெடரிக் கட்டியிருந்த சான்சூசி மாளிகையில் இரவு விருந்து. பேச்சு முழுக்க பிரெஞ்சில். மனிதன் ஓர் இயந்திரமே என்று எழுதி ஹாலந்திலிருந்தும் துரத்தப்பட்ட மருத்துவர் லா மெத்ரி ஒரு பக்கம். பெண்களுக்காக நியூட்டனை எளிமையாக எழுதிய இத்தாலியர் அல்கரோட்டி இன்னொரு பக்கம். கடவுள் உண்டா, ஆன்மா உண்டா, போப்பாண்டவர் எதற்கு என்று எதையும் பேசலாம். பேசக்கூடாதது ஒன்றே ஒன்று. அதை யாரும் சொல்லிவைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வால்டேர் அங்கே 'பதினான்காம் லூயியின் காலம்' நூலை முடித்து 1751இல் பெர்லினிலேயே வெளியிட்டார். அவருடைய வாழ்க்கையின் மிக உருப்படியான நூல்களில் ஒன்று. அதற்காகவாவது அந்தச் சம்பளம் வீண்போகவில்லை.

வந்த ஆறு மாதத்துக்குள் வால்டேர் செய்த காரியம் வேறு வகை. பணம் பண்ணுவதில் அவர் கெட்டிக்காரர். 1729இல் பாரிஸ் லாட்டரியின் விதிகளில் இருந்த ஓட்டையை, கணக்குத் தெரிந்த லா கொந்தமினோடு சேர்ந்து கண்டுபிடித்துச் செல்வம் சேர்த்தவர். பெர்லினில் அவர் கண்ணில் பட்டது சாக்சனியின் வரிப் பத்திரங்கள். சந்தையில் அவை அடிமாட்டு விலைக்குப் போயின. ஆனால் போர் முடிந்து ஏற்பட்ட உடன்படிக்கைப்படி பிரஷ்யக் குடிமக்கள் கையிலிருந்தால் முழு மதிப்பும் கிடைக்கும். இதை வைத்து யாரும் ஆதாயம் பார்க்கக் கூடாது என்று பிரெடரிக் தடை போட்டிருந்தார். அரசரின் விருந்தாளி, அரசரின் தடையை மீறி, ஹிர்ஷெல் என்ற வணிகர் மூலம் ரகசியமாகப் பத்திரம் வாங்க ஏற்பாடு செய்தார். பிறகு இருவருக்கும் வைரங்கள் விஷயமாகத் தகராறு. வழக்கு பெர்லின் நீதிமன்றத்துக்கே போனது. 1751 பிப்ரவரியில் தீர்ப்பு வால்டேர் பக்கம்தான். மானம் யார் பக்கமும் இல்லை. அரசர் கடுமையாகக் கடிந்து கடிதம் எழுதினார். பிரெடரிக்கின் கோபத்தில் எனக்குக் குறை காணத் தெரியவில்லை.

இதற்குப் பின் இருவருக்கும் நடுவில் ஆட்கள் கோள்மூட்டத் தொடங்கினார்கள். வால்டேரை இன்னும் ஓராண்டுதான் வைத்திருக்கப்போகிறேன், ஆரஞ்சைப் பிழிந்ததும் தோலை எறிந்துவிடுவதுதானே என்று அரசர் சொன்னதாக லா மெத்ரி வந்து சொன்னார். அரசர் தன் அழுக்குத் துணியைத் துவைக்க அனுப்புகிறார் என்று வால்டேர் தன் கவிதைத் திருத்த வேலையைப் பற்றிச் சொன்னதாக இன்னொருவர் அரசரிடம் போய்ச் சொன்னார். இரண்டும் உண்மையாகவே இருக்கக்கூடும். ஆரஞ்சுப் பேச்சு உண்மைதானா என்று லா மெத்ரியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வால்டேருக்கு ஆசை. 1751 நவம்பரில் பிரெஞ்சுத் தூதர் வீட்டு விருந்தில் இறைச்சி அடையை அளவுக்கு மீறிச் சாப்பிட்டு லா மெத்ரி இறந்துபோனார். தூதரின் நோயைக் குணப்படுத்த வந்த மருத்துவர் அவர்!

உறையில் இரண்டு கத்திகளாக வால்டேரும் மோபெர்த்துயியும் ஏற்கெனவே உரசிக்கொண்டுதான் இருந்தார்கள். மோபெர்த்துயி ஒருகாலத்தில் எமிலிக்குக் கணக்குச் சொல்லித்தந்தவர், நெருக்கமானவர். வெடித்ததற்குக் காரணம் மட்டும் அறிவியல்.

மோபெர்த்துயி தன் வாழ்நாள் சாதனையாகக் கருதியது ஒரு விதி. ஒரு பொருளின் நிறை, வேகம், அது கடக்கும் தூரம் மூன்றையும் பெருக்கினால் வருவதை அவர் 'செயல்' என்றார். இயற்கையில் எந்த மாற்றம் நடந்தாலும் அந்தச் செயல் எவ்வளவு குறைவாக இருக்க முடியுமோ அவ்வளவு குறைவாகவே இருக்கும். ஒளி காற்றிலிருந்து நீருக்குள் போகும்போது ஏன் அப்படி வளைகிறது என்பதில் தொடங்கி, மோதும் பந்துகள்வரை இந்த ஒரு விதிக்குள் அடக்கிக் காட்டினார். இயற்கை இவ்வளவு சிக்கனமாக இருப்பதே கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் என்றும் சேர்த்துக்கொண்டார். கடவுளை விட்டுவிடலாம். விதி வெறும் பேச்சில்லை. ஆய்லர் அதற்குச் சரியான கணித வடிவம் கொடுத்தார், லக்ராஞ்சும் ஹாமில்டனும் அதன்மேல் இயக்கவியலையே திருப்பிக் கட்டினார்கள். இன்றைய இயற்பியல் மாணவர் எவரும் அதைத் தவிர்த்துவிட்டுப் பட்டம் வாங்க முடியாது.

1751 மார்ச்சில் சாமுவேல் கோனிக் என்ற கணிதர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மோபெர்த்துயியின் ஆதரவால் கழகத்தில் உறுப்பினரானவர்தான். இவரும் எமிலிக்குப் பாடம் சொன்னவர். எமிலியின் புத்தகம் தன் பாடம்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக் கெட்ட பேர் வாங்கியவர். கோனிக் சொன்னது இரண்டு. ஒன்று, செயல் எப்போதும் குறைவாகவே இருக்க வேண்டுமென்பதில்லை, சில இடங்களில் அதிகபட்சமாகவும் இருக்கலாம். இரண்டு, இதை லைப்னிட்ஸ் 1707இலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது சுட்டது. மூலக் கடிதம் எங்கே என்று மோபெர்த்துயி கேட்டார். கோனிக்கிடம் இருந்தது நகல். அதைத் தந்த ஹென்ஸி, பெர்ன் நகர ஆட்சிக்கு எதிராகச் சதி செய்ததற்காக 1749இல் தலை வெட்டப்பட்டவர். அவரிடம் போய்க் கேட்க முடியாது. தேடினார்கள், கிடைக்கவில்லை. 1752 ஏப்ரல் 13 அன்று பெர்லின் கழகம் கூடியது. மோபெர்த்துயி நோயால் வரவில்லை. ஆய்லர் அறிக்கை வாசித்தார். கடிதம் போலி என்று எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேறியது. வாக்களித்தவர்களின் சம்பளம் யார் கையில் இருந்தது என்பதை மேலே பார்த்தோம். அந்தக் கடிதத்துக்கு வேறு நகல்கள் பிற்காலத்தில் அகப்பட்டன. போலியில்லை என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து.

ஆய்லரைப் போன்ற ஒரு மனிதர் இதற்குத் துணைபோனதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத இடம். அவருக்கு மோபெர்த்துயியின் தயவும் தேவைப்படவில்லை, விதியின் பெருமையில் பங்கும் தேவைப்படவில்லை. சொல்லப்போனால் அதில் பெரும்பங்கு அவருடையதே. லைப்னிட்ஸ், வோல்ஃப் கூட்டத்தின் தத்துவம் அவருக்கு அறவே பிடிக்காது என்பது மட்டும் தெரியும். வெறுப்பு, நல்ல மூளையையும் நீதிபதி நாற்காலியில் கெடுத்துவிடுகிறது போலும்.

கோனிக் உறுப்பினர் பதவியைத் தூக்கியெறிந்துவிட்டு ஐரோப்பிய வாசகர்களிடம் முறையிட்டு எழுதினார். செப்டம்பரில் பெயரில்லாத ஒரு துண்டறிக்கை வந்தது. கழகத்தின் தலைவர் அதிகாரத்தைக் காட்டி ஓர் அறிஞரின் வாயை அடைக்கிறார் என்று அது குற்றஞ்சாட்டியது. எழுதியவர் வால்டேர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மறுப்பாக இன்னொரு பெயரில்லாத துண்டறிக்கை வந்தது. எழுதியவர் பிரெடரிக். அதன் அடுத்த பதிப்பின் முகப்பில் பிரஷ்யக் கழுகும் செங்கோலும் கிரீடமும் அச்சாகியிருந்தன. பெயரை மறைத்த ஆசிரியருக்குக் கிரீடத்தை மறைக்க மனம் வரவில்லை.

வால்டேர் இதோடு நிறுத்தியிருக்கலாம். அவரால் முடியாது. அப்போதுதான் மோபெர்த்துயியின் 'கடிதங்கள்' என்ற புத்தகம் வந்திருந்தது. பூமியின் நடுவரை துளை போடலாம், லத்தீன் மட்டுமே பேசும் ஒரு நகரம் கட்டலாம், நோய் தீர்ந்தால் மட்டும் மருத்துவருக்குக் கூலி கொடுக்கலாம், ராட்சத மனிதர்களின் மூளையை ஆராய்ந்து ஆன்மாவை அறியலாம் என்று அதில் விதவிதமான யோசனைகள். வால்டேருக்கு விருந்து கிடைத்ததுபோல ஆயிற்று. 'டாக்டர் அகாக்கியா' என்ற கற்பனை மருத்துவர், தலைவரின் பெயரைப் போட்டுக்கொண்டு ஓர் இளம் முட்டாள் இதை எழுதியிருக்க வேண்டும் என்று பரிவோடு முடிவுகட்டி, அவனுக்கு வைத்தியம் சொல்கிற மாதிரி எழுதினார். இன்று படித்தாலும் சிரிப்பு வரும். ஆனால் நியாயமா என்றால், இல்லை. அதே 'கடிதங்கள்' நூலில், ஆறு விரல்களோடு பிறக்கும் ஒரு பெர்லின் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, தாய் தந்தை இருவரிடமிருந்தும் கூறுகள் பிள்ளைக்கு இறங்குகின்றன என்று நிகழ்தகவுக் கணக்கோடு மோபெர்த்துயி காட்டியிருக்கிறார். மெண்டலுக்கு நூறாண்டுக்கும் முன்னால். சிரித்தவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

கையெழுத்துப் படியைக் கேட்டு அரசரும் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு அச்சிடக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. வாக்குக் கொடுத்த வால்டேர், வேறொரு நூலுக்கு வாங்கியிருந்த அனுமதிச் சீட்டைக் காட்டி இதை அச்சடித்தார். அரசர் பிரதிகளைப் பிடுங்கினார். அதற்குள் ஹாலந்துப் பதிப்புகள் பெர்லினுக்கு வந்து சேர்ந்தன. 1752 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பெர்லின் சதுக்கங்களில் தூக்குப் போடுகிறவனின் கையால் அந்த நூல் எரிக்கப்பட்டது.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். வால்டேரின் புத்தகத்தை எரித்த பாரிஸில் இருக்கப் பிடிக்காமல்தானே அவர் இங்கே வந்தார்? மதத்தைத் தாக்கியதற்காக அங்கே எரித்தார்கள். இங்கே மதத்தை எப்படி வேண்டுமானாலும் தாக்கலாம். அரசரின் அதிகாரி ஒருவரைக் கேலி செய்ததற்காக எரித்தார்கள். சான்சூசி மேசையில் பேசக்கூடாத அந்த ஒன்று என்னவென்று இப்போது வெளியே தெரிந்துவிட்டது. ஒரு கணிதச் சண்டையில் யார் சொல்வது சரி என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஆவணம் தேடிப் பார்க்கலாம். பெர்லினில் முதலில் தீர்மானம் போட்டார்கள், பிறகு நெருப்பு வைத்தார்கள். அறிவின் நண்பர் என்று ஐரோப்பா முழுக்கப் பெயரெடுத்த ஓர் அரசரின் ஊரில் இது நடந்தது.

1753 புத்தாண்டு நாளில் வால்டேர் தங்கச் சாவியையும் சிலுவையையும் திருப்பி அனுப்பினார். சமாதானம் பேசினார்கள், திரும்பக் கொடுத்தார்கள். ஒட்டவில்லை. மார்ச் 26 அன்று, உடம்பு சரியில்லை, குளிக்க நல்ல ஊற்று தேடிப் போகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டார். இருவரும் அதற்குப் பிறகு நேரில் சந்திக்கவே இல்லை.

புறப்பட்டவர் மூட்டையில் ஒரு சின்னப் புத்தகமும் போனது. பிரெடரிக் தனக்கு வேண்டியவர்களுக்காக மட்டும் அச்சிட்ட தன் கவிதைத் தொகுதி. அதில் மதத்தைப் பற்றியும் மற்ற நாட்டு அரசர்களைப் பற்றியும் கூசாத கேலி உண்டு. வால்டேர் கையில் அது இருந்தால் என்ன ஆகும் என்று அரசர் நடுங்கினார். மே மாத இறுதியில் வால்டேர் பிராங்பர்ட் வந்து 'தங்கச் சிங்கம்' விடுதியில் இறங்கினார். மறுநாளே பிரஷ்யாவின் பிரதிநிதி பிரைடாக் ஆட்களோடு வந்துவிட்டார். பிராங்பர்ட் சுதந்திர நகரம், பிரஷ்யாவுக்கு அங்கே ஒரு கல்லும் சொந்தமில்லை. ஆனாலும் பெட்டிகளைக் காலையிலிருந்து மாலைவரை கிளறினார். சாவி, சிலுவை, கடிதங்கள் கிடைத்தன. புத்தகம் இல்லை. அது லைப்சிக்கில் விட்டுவந்த பெட்டியில் இருந்தது. வரும்வரை நகரக் கூடாது என்றார் பிரைடாக். ஜூன் 18 அன்று பெட்டி வந்தது. மேலிடத்திலிருந்து புதிய உத்தரவு வராமல் விட முடியாது என்றார் அப்போதும். ஜூன் 20 அன்று வால்டேர் தன் செயலாளர் கோலினியோடு நழுவப் பார்த்து, ஊர் வாயிலில் பிடிபட்டார். அவரையும், அவரை அழைத்துப்போக வந்திருந்த சகோதரி மகள் மதாம் தெனியையும் வேறொரு மட்டமான விடுதியில் சிப்பாய்க் காவலில் வைத்தார்கள். ஜூலை 7 அன்றுதான் விடுதலை.

இதில் எவ்வளவு பிரெடரிக்கின் உத்தரவு, எவ்வளவு பிரைடாக்கின் அசட்டு விசுவாசம் என்று இன்றும் எழுதித் தள்ளுகிறார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக வால்டேருக்குத் தோன்றியிருக்காது.

அவர் கற்ற பாடம் நிலம் வாங்குவது. 1755இல் ஜெனீவாவை ஒட்டி ஒரு வீடு. சில ஆண்டுகளில் எல்லைக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு மண்ணில் பெர்னே பண்ணை. பிரான்ஸ் விரட்டினால் ஜெனீவாவுக்கு ஓடலாம், ஜெனீவா விரட்டினால் பிரான்சுக்கு வரலாம். எந்த அரசரின் சம்பளமும் வேண்டாம், வட்டி வரவே போதும். தன் இறுதி இருபது ஆண்டுகளில், கலாஸ் வழக்கு உட்பட, அவர் அதிகாரத்தோடு மோதியதெல்லாம் இந்த எல்லைக்கோட்டு வீட்டில் உட்கார்ந்துதான். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பிரெடரிக்கும் அவரும் மறுபடி கடிதம் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஏழாண்டுப் போரில் எல்லாம் போய்விட்டது, செத்துவிடலாம் என்று பிரெடரிக் 1757இல் எழுதியபோது வேண்டாமென்று வாதாடியவர் வால்டேர். 1778இல் வால்டேர் இறந்தபோது போர்முகாமில் இருந்தபடியே பிரெடரிக் எழுதிய புகழுரை பெர்லின் கழகத்தில் வாசிக்கப்பட்டது. வால்டேர் எழுதிவைத்திருந்த நினைவுக் குறிப்புகள் அரசரின் அந்தரங்கத்தைச் சந்தி சிரிக்க வைக்கும் வண்ணம் 1784இல் வெளியாயின. அரசர் உயிரோடுதான் இருந்தார்.

அதே 1784இல் கீழ்க்கோடி க்யோனிக்ஸ்பெர்க்கிலிருந்து கான்ட் எழுதிய கட்டுரையில் இந்த யுகத்தை பிரெடரிக்கின் யுகம் என்றார். எதைப் பற்றி வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள், ஆனால் கீழ்ப்படியுங்கள் என்று சொல்லும் துணிவு அந்த அரசருக்கு மட்டுமே உண்டு என்பது கான்ட் தந்த பாராட்டு. வால்டேர் அதைப் படித்திருந்தால் பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம். இந்தக் கான்ட், 1755இல் கதிரவக் குடும்பம் தோன்றிய விதம் பற்றிய தன் நூலை பிரெடரிக்குக்கே காணிக்கையாக்கியிருந்தார். பதிப்பாளர் திவாலாகி, பிரதிகளுக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். ஜெர்மன் மொழியில் சிந்திக்க முடியும் என்றே நம்பாத அரசர் அதைத் தேடிப் படித்திருக்கவும் மாட்டார். மோசஸ் மெண்டல்சனை 1771இல் கழகம் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது, யூதரான அவரை ஏற்க மறுத்தவரும் இதே அரசர்தான்.

மோபெர்த்துயி சண்டையிலிருந்து மீளவே இல்லை. 1759இல் பாசல் நகரில், பெர்னூலி குடும்பத்தாரின் வீட்டில் இறந்தார். அவருடைய நாற்காலிக்கு பிரெடரிக் தாலம்பேரை எப்போதிருந்தோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தாலம்பேர் பாரிஸில் ஒரு சின்ன அறையில், பெர்லின் தரவிருந்ததில் சிறு பங்கே வருமானமாகக் கொண்டு வாழ்ந்தவர். 1763இல் போட்ஸ்டாம் வந்து தங்கினார், சாப்பிட்டார், அரசரோடு இனிமையாகப் பேசினார், மரியாதையாக மறுத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்துத் தத்துவவாதிகளிலேயே அரசரிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்பேன்.

கழகத்தை நடத்தியதென்னவோ ஆய்லர். பதவிப் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. விருந்து மேசையில் சாமர்த்தியமாகப் பேசத் தெரியாத, பைபிள் படிக்கிற, ஒரு கண் பார்வை போன அந்த மனிதரை பிரெடரிக் ஒற்றைக்கண் அரக்கன் என்று கேலி செய்தார். சான்சூசி நீரூற்றுக்கு ஆய்லர் போட்ட கணக்கு ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட ஏற்றவில்லை என்று வால்டேருக்கே எழுதிப் புலம்பினார். குழாய்களைப் பற்றி ஆய்லர் எச்சரித்திருந்தார், செலவை மிச்சம்பிடிக்க அதை அலட்சியம் செய்தார்கள் என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. அந்த ஊற்று ஒழுங்காகப் பீய்ச்சியடித்தது 1842இல், நீராவி இயந்திரம் வைத்த பிறகு.

1766இல், பெர்லினில் இருபத்தைந்து ஆண்டு உழைத்து முன்னூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை எழுதிய ஆய்லர், அரசர் விடமாட்டேன் என்று அடம்பிடித்தும் விடாமல் கேட்டு விடைபெற்று, குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு பீட்டர்ஸ்பர்க் கிளம்பினார். அங்கே அரியணையில் இருந்தவர், கணவரைக் கவிழ்த்துவிட்டு ஆட்சிக்கு வந்து நான்காண்டுகளே ஆகியிருந்த கேத்தரின். கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர் டிடரோ, பணக் கஷ்டத்தில் தன் நூலகத்தை விற்கப் பார்க்கிறார் என்று முந்திய ஆண்டு கேள்விப்பட்டதும் அவர் பதினைந்தாயிரம் லீவ்ர் கொடுத்து அதை வாங்கியிருந்தார். புத்தகங்கள் டிடரோவிடமே இருக்கட்டும், அவற்றைப் பார்த்துக்கொள்ள அவருக்கே ஆண்டுச் சம்பளமும் தருகிறேன் என்றார். சம்பளம் ஒருமுறை தாமதமானபோது, இனி அப்படி நேராதிருக்க ஐம்பது ஆண்டுத் தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். அதற்கு நன்றி சொல்ல டிடரோ 1773இல் பீட்டர்ஸ்பர்க் புறப்பட்டார்.

(தொடரும்)